கார்டில் இருக்கிறாள், வீட்டில் இல்லை

ஆலங்காயம்
8 ஜூலை 2025, செவ்வாய்

புவனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும். எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

உன்னிடம் இனிப் பேச மாட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். ஆனால் எழுத மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சந்தேகத்துக்கு உன் அம்மாவிடமும் கேட்டேன். "அன்னிக்கு இன்னா சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியாது, நடுங்கிக்கினு இருந்தீங்க" என்றாள் வடிவு. ஆகவே எழுதலாம்.

இது தொழில் கடிதம். அப்படியே படி.

பெங்களூர் கம்பெனியின் கதை உனக்குத் தெரியும். நீதான் என்னை அதில் சேர்த்துவிட்டாய். பத்துக் கூரியர்காரர்கள் ஏற மாட்டோம் என்று கைவிட்ட ஊர்களின் பார்சலை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, என்னைப் போன்ற ஜெராக்ஸ் கடைக்காரன் தலையில் கட்டுகிற கம்பெனி. கடைசி ஒரு மைல் மட்டும் உங்களுடையது என்று மீட்டிங்கில் சொன்னார்கள். அந்த ஒரு மைல் நமக்கு முப்பது கிலோமீட்டருக்கு நீளும் என்பதை யாரும் வந்து பார்க்கவில்லை. நீ இருந்தவரை ஓடியது. நீ போன பிறகு அடிவாரத்துப் பார்சலை நான் சமாளித்துவிடுகிறேன். மலைப் பார்சல்தான் திரும்பித் திரும்பி வருகிறது.

காரணம் ஓடிபி. மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கும்போது போனில் ஆர்டர் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். பார்சல் வரும் நாளில் ஓடிபி அவர்கள் போனுக்குப் போகிறது. போன் சிக்னல் இல்லாத வீட்டில் உறியில் தொங்குகிறது. ஓடிபி இல்லாமல் பார்சலைக் கொடுத்தால் கம்பெனி என்னைத் திருடன் என்கிறது. கொடுக்காமல் வந்தால் சோம்பேறி என்கிறது. இரண்டில் எது மேல் என்று யோசித்துச் சோம்பேறியாகவே இருந்துவிட்டேன்.

நானே இரண்டு தடவை ஸ்கூட்டியில் ஏறியும் பார்த்தேன். மலைப்பாதையில் காவலூர் தாண்டியதும் ஸ்கூட்டி நின்றுவிட்டது. தொண்ணூற்று நாலு கிலோவும் நாற்பது பார்சலும் சேர்ந்தால் அதுதான் என்ன செய்யும். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவந்தேன்.

இப்போது விஷயம். கம்பெனி ஹப் என்று சொல்கிற என் கடைக்கு டெலிவரி மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று. பத்தாவதில் கணக்குப் பாடத்துக்கு வாங்கியதைவிட ஆறு அதிகம், ஆனாலும் கம்பெனிக்குப் போதவில்லை. மாதக் கடைசிக்குள் எழுபதுக்கு ஏறாவிட்டால் நெல்லிவாசல் நாட்டுப் பின்கோடையே எடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு அங்கே எவன் ஆர்டர் போட்டாலும் "உங்கள் பகுதிக்கு வசதி இல்லை" என்றுதான் வரும்.

அங்கே மலைமேல் படித்தவர், நம்பிக்கையானவர், ஆப் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல். உன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு யாரும் இல்லையென்றால் நினைத்துக்கொள்.

இந்தக் கடிதம் பார்சல் மூட்டையில் வருகிறது. மூட்டையை ஜீப்பில் ஏற்றுவது பக்கத்துச் செருப்புக்கடை ஹனீஃபா பாய். ஜீப் டிரைவரை நான் பார்ப்பதில்லை. அவர் வருகிற நேரம் பார்த்து ஜெராக்ஸ் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். இரண்டு வருடத்தில் அந்த மிஷினைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
ராஜாக்கண்ணு

---

ஓடைக்கொல்லை, நெல்லிவாசல் நாடு
11 ஜூலை 2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடித உறைமேல் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்கள். அது தேவையில்லை.

நீங்கள் பார்க்க மறுக்கிற ஜீப் டிரைவருக்குப் பெயர் ரங்கன். என் கணவர். மிஷினுக்குள் நீங்கள் தலையை விட்டிருப்பதை ஒவ்வொரு வாரமும் பார்த்துவிட்டு வந்து, "உங்கப்பா நல்லா கீறாரு, முதுகு தெரிஞ்சிது" என்று சொல்வார்.

பார்சல் வேலையை நானே செய்கிறேன். எப்படி என்று கேளுங்கள்.

இங்கே வீடுகளில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே பாறைமேட்டில் ஓரிடத்தில் மட்டும் வரும். நின்றால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். நாற்பது வீட்டுக்காரரும் சாமைக் காட்டு வேலையை விட்டுவிட்டு அங்கே ஏறி நிற்க முடியாது. அதனால் இனிமேல் யார் ஆர்டர் போட்டாலும் என் போன் நம்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் நான் பாறையேறி எல்லா ஓடிபியையும் எடுத்துவருவேன். உங்கள் ஹப்பில் டெலிவரி ஆளாகவும் என் நம்பரையே சேர்த்துவிடுங்கள். ஆப் இங்கே சிக்னல் இல்லாமலும் பதிந்துகொள்ளும், பாறைக்குப் போனதும் மேலே அனுப்பிவிடும்.

கூலி எவ்வளவு என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். உங்கள் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிக் கொடுங்கள். அங்கே நீக்கினால்தான் இவர்கள் கார்டில் சேர்ப்பார்கள். இரண்டு வருடமாக எனக்கு இங்கே ஒரு படி அரிசி கிடையாது, காப்பீட்டு அட்டை கிடையாது. எந்த ஆபீசுக்குப் போனாலும் "உங்க பேரு ஆலங்காயத்துல இருக்கேம்மா" என்கிறார்கள். என் பங்கு அரிசியை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்படித் தெரியும் என்று யோசிக்காதீர்கள். அந்தக் கார்டில் பதிந்திருப்பது என் நம்பர். நீங்கள் ரேஷன் வாங்கும்போதெல்லாம் எஸ்எம்எஸ் எனக்குத்தான் வருகிறது. இந்த மாதம் ஐந்தாம் தேதி வாங்கியிருக்கிறீர்கள். பருப்பு வாங்கவில்லை.

புவனா

---

ஆலங்காயம்
22 ஜூலை 2025, செவ்வாய்

புவனாவுக்கு,

பருப்பு அன்று வரவில்லை. வந்திருந்தால் வாங்கியிருப்பேன். இதையெல்லாம் ஒருத்தி மலைமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ரேஷன் கடைக்கு இன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

மதிப்பெண் எண்பத்தெட்டு. கம்பெனியிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு கோப்பைப் படம் அனுப்பியிருக்கிறார்கள். கோப்பை வராது, படம்தானாம். ஹனீஃபா பாய் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டச் சொன்னார். கலர் பிரிண்ட் வீண் என்று கருப்பு வெள்ளையில் எடுத்து ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் யாருக்கோ அஞ்சலி என்று நினைக்கிறார்கள்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. இந்த வாரம் மூட்டையில் உங்கள் ஊர் மங்கம்மாள் பெயருக்கு மூன்று பாட்டில் தேன் வந்தது. டில்லியிலிருந்து. தேன் எடுக்கிற ஊருக்கு டில்லித் தேன் எதற்கு? நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "அவங்களுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணு வேணாமா" என்றாள். அதுவும் சரியாகப் படவில்லை.

அந்தக் கார்டு விஷயம். செய்யலாம் என்றுதான் இருந்தேன். இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. பிறகு விசாரித்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வீட்டிலிருந்து ஒரு பேரை எடுப்பது நன்றாக இருக்குமா? நீயே சொல். ஆவணி வரட்டும்.

அப்பா

---

ஓடைக்கொல்லை
25 ஜூலை 2025

அப்பாவுக்கு,

மங்கம்மாள் அக்கா தேனுக்காக வாங்கவில்லை, பாட்டிலுக்காக வாங்கினார். மூடி எப்படி இருக்கிறது, எழுத்து எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு சொல்கிறான் என்று பார்த்தார். தேனை ஒரு விரல் நக்கிவிட்டு, "பாகு" என்று சொல்லி நாய்க்கு வைத்தார். நாயும் யோசித்தது. இங்கே ஐந்து பெண்கள் சேர்ந்து அதே மாதிரி காலிப் பாட்டில் வரவழைத்து எங்கள் தேனை ஊற்றி அனுப்பப் போகிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து மூட்டை கீழேயும் இறங்கும். இதுவரை இறங்கியதெல்லாம் திரும்பிய பார்சல் மட்டும்தான். அதனால்தான் இந்தப் பின்கோடு போய்விடக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணுக்காக மட்டும் நான் பாறையேறவில்லை.

ஆடி பற்றி. போன தடவை கேட்டபோது மார்கழி என்றீர்கள். அதற்கு முன் கேட்டபோது அம்மாவுக்குக் காய்ச்சல் என்றீர்கள். சர்வரும் இரண்டு வருடமாகவா வேலை செய்யவில்லை?

அத்தை, அதாவது என் மாமியார் மணியம்மாள், போன வாரம் வழுக்கி விழுந்து திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்குக் காப்பீடு இருந்தது, பிழைத்தோம். வழியெல்லாம், நான் விழுந்திருந்தால் எதைக் காட்டியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

புவனா

---

ஆலங்காயம்
12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

புவனாவுக்கு,

உன் மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

ஹப் ஐடியைப் பூட்டிவிட்டார்கள். நேற்றுக் காலை ஆப்பைத் திறந்தால் சிவப்பாக ஒரு பூட்டு. கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்சல் அப்படியே கிடக்கிறது. உட்கார இடமில்லாமல் யாருடைய மிக்ஸி மேலோ உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், எனக்கும் புரிய வேண்டுமே. ஒரே மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று பார்சலுக்கு வாங்குகிறவர் நம்பர் ஒன்றே. அந்த நம்பர் உன்னுடையது. கொடுக்கிறவர் நம்பர் எது என்று கம்பெனி மிஷின் பார்த்திருக்கிறது. அதுவும் உன்னுடையது. சரி, இந்த நம்பர் யார் என்று தேடியதில், ஹப் திறக்கும்போது முகவரிக்காக நாம் கொடுத்த ரேஷன் கார்டில் போய் நின்றிருக்கிறது. அந்தக் கார்டில் ராஜாக்கண்ணு, வடிவு, புவனா என்று மூன்று பேர். ஆகவே நானே என் வீட்டுக்குப் பார்சல் போட்டு, நானே கொடுத்து, நானே வாங்கி, மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டேன் என்று மிஷின் முடிவு செய்துவிட்டது. நாற்பது வீட்டுச் சாமான் என்று அதற்கு எப்படித் தெரியும்? பதினேழு பிரஷர் குக்கர் வாங்குகிற குடும்பம் எப்படிப்பட்டது என்று அது யோசித்துப் பார்க்கக் கூடாதா?

கம்பெனிக்கு போன் போட்டேன். தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி எடுத்தாள்.

"சார், உங்க பொண்ணு உங்க வீட்லதான இருக்காங்க?"

"இல்லம்மா. கல்யாணமாயி மலைல கீறா."

"கார்டுல இருக்காங்களே சார்."

"கார்டுல கீறாம்மா, வூட்ல இல்ல."

"கார்டுல இருந்தா சிஸ்டத்துக்கு வீட்ல இருக்காங்கன்னுதான் சார் அர்த்தம்."

"எந்த ரூம்ல கீறான்னு உங்க சிஸ்டத்த கேட்டு சொல்லும்மா. நான் ரெண்டு வருசமா தேடறேன்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் நல்லபடியாகவே பேசினாள். பதினைந்து நாளுக்குள் இரண்டு காகிதம் வேண்டும். உன் திருமணப் பதிவுச் சான்று ஒன்று. உன் பெயரை என் கார்டிலிருந்து நீக்கியதற்கான சான்று ஒன்று. இரண்டும் வந்தால் பூட்டைத் திறப்பார்கள். வராவிட்டால் ஹப்பும் போகும், நெல்லிவாசல் பின்கோடும் போகும். மங்கம்மாளின் காலிப் பாட்டில்கள் இரண்டு அட்டைப்பெட்டி இங்கேதான் இருக்கின்றன. என் கால் பட்டு ஒன்று உடைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடு.

திருமணச் சான்றின் காப்பி ஒன்று அனுப்பு. நீங்கள் பதிவு செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். மற்ற விவரம் எதுவும் நான் கேட்கவில்லை.

அப்பா

---

ஓடைக்கொல்லை
15 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

காப்பி இந்த உறைக்குள் இன்னொரு உறையில் இருக்கிறது. திறப்பதற்கு முன் ஒரு இடத்தில் உட்காருங்கள். மிக்ஸி மேல் வேண்டாம். யார்மேலும் கோபப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள்மேல் தப்பில்லை, நான்தான் கூப்பிட்டேன்.

எல்லோர் நம்பரையும் என் நம்பராக்கியது என் யோசனை. கம்பெனியில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இங்கே யார் போன் என்று யாரும் பார்ப்பதில்லை, ஒரு வீட்டில் இருந்தால் ஊருக்கு இருக்கிற மாதிரி. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். இதில் உங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கார்டு விஷயத்தில் சொல்ல முடியும். பஸ் ஸ்டாண்டில் என்னை வெட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். ரங்கன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டீர்கள். அவர் தலை குனிந்து நின்றார். அதை நான் மறக்கவில்லை, மறந்ததாகச் சொல்லவும் மாட்டேன். அவ்வளவு கோபம் உள்ளவர் மறுநாளே போய் என் பெயரை எடுத்திருக்க வேண்டும். ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும், இன்று உங்களுக்கும். எனக்கு இது உண்மையாகவே புரியவில்லை.

நீக்கிவிட்டால் நம்பரையும் மாற்றிவிடுவார்கள். பிறகு அந்த எஸ்எம்எஸ் எனக்கு வராது. இரண்டு வருடமாக வீட்டைப் பற்றி மாதம் தவறாமல் எனக்கு வந்த சேதி அது ஒன்றுதான். பரவாயில்லை. எடுத்துவிடுங்கள்.

புவனா

---

ஆலங்காயம்
19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

புவனாவுக்கு,

நாற்காலியில் உட்கார்ந்துதான் திறந்தேன். அப்படியும் எழுந்துவிட்டேன்.

சாட்சி ஒன்று, மணியம்மாள். மாப்பிள்ளையின் தாயார், சரி. சாட்சி இரண்டு, ஹனீஃபா, செருப்பு வியாபாரம், ஆலங்காயம். சாட்சி மூன்று, வடிவு, கணவர் பெயர் ராஜாக்கண்ணு. மூன்று சாட்சியில் இரண்டு பேர் தினமும் என் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்.

திருப்பத்தூர் பதிவு ஆபீஸ் முத்திரையையும் தேதியையும் பார்த்தேன். அன்றைக்கு உன் அம்மா செங்கம் சந்தைக்கு மிளகாய் வாங்கப் போனாள். ஹனீஃபா பாய் வாணியம்பாடிக்குச் சரக்கு எடுக்கப் போனார். இருவரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஆளில்லாத கடையில், எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள், நான் ஒருத்தன்தான் உழைக்கிறேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய், "இன்னா வடிவு, அன்னிக்கு செங்கத்துல மொளகா எப்டி கெடச்சிது?" என்றேன்.

அவள் முறத்திலிருந்து நிமிரவே இல்லை. என் கையில் இருந்த காகிதத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தாள். "நல்லா காரமாத்தான் இருந்துச்சி. ஆறு மாசம் அதத்தான துன்னீங்க, ஒண்ணும் சொல்லலயே."

"வாங்கினியா நெசமா?"

"பொய் சொல்லிட்டு வெறுங்கையோட வருவாங்களா? திருப்பத்தூர்லயே வாங்கினேன்."

கடைக்குத் திரும்பி வந்தேன். ஹனீஃபா பாய் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த செருப்பு.

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பொண்ணு பக்கத்துக்கு ஆம்பள ஒருத்தன் வேணும்ல. அது என்னாண்ட வந்து மாமா வர்றீங்களான்னு கேட்டுச்சி. நான் இன்னா பண்றது, இல்லன்னு சொல்லவா? நீயும் ஒரு கை குடுத்ததான, போ."

"நான் இன்னா குடுத்தேன்?"

"முந்தின நாள் நான் காயிதம் எடுத்தாந்து கவுத்து வெச்சி, நாலு நாலு காப்பி போடுன்னு சொன்னனே. அது இன்னான்னு நெனச்ச?"

அதாவது உன் கல்யாணத்துக்கு ஆதார் காப்பி எடுத்துக் கொடுத்தது நான். எல்லாப் பக்கமும் தெளிவாக வந்திருந்ததாம், ஆபீசர் பாராட்டினாராம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நாலாவது காப்பி கொஞ்சம் கோணலாக வந்து அதைத் திரும்ப எடுத்தது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆவணி பிறந்துவிட்டது. சொல்ல வேறு காரணம் கையில் இல்லை. நேற்று இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கௌசர் என்று ஒரு பெண் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "அங்கிள், மூணாவது வாட்டி வர்றீங்க. இன்னிக்காவது அமுக்கலாமா, இல்ல தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு போய்டுவீங்களா?" என்றாள்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. சர்வர் நன்றாகத்தான் வேலை செய்தது. நீ முதலில் கேட்டபோதும் போனேன், இரண்டாவது தடவையும் போனேன். மிஷின் திரையில் உன் பெயருக்கு நேராக ஒரு கட்டம் வரும், அதில் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அந்த இடத்தில் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

வாயால் வெட்டுவது சுலபம். அதைத்தான் பஸ் ஸ்டாண்டில் செய்தேன். ஆனால் மாதாமாதம் ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் மூன்று பேர் பெயர் வரும். மூன்றாவது பெயர் உன்னுடையது. வீட்டில் உன் படத்தை நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லாதே என்று அம்மாவிடமும் நானே சொன்னேன். அப்புறம் எனக்கு அதைப் பார்ப்பதற்கு ரேஷன் கடையைத் தவிர வேறு இடம் இல்லாமல் போய்விட்டது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இந்த வயதில் ஒரு மனுஷன் இதைப் போய் யாரிடம் சொல்வான்?

ஆனால் அதனால் நீ இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீசாக அலைந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அப்படி ஒரு யோசனை உனக்கு வந்தது என்று எழுதியிருந்தாயே, அதை நான் பலமுறை படித்தேன். அதற்கு ஆடியும் மார்கழியும் காரணம் இல்லை. நான் காரணம். பஸ் ஸ்டாண்டில் ரங்கனைக் கேட்டதும் தப்பு. அதை உன்னிடம் எழுதிப் பிரயோஜனம் இல்லை, அவரிடம் சொல்ல வேண்டும்.

கௌசர், "என்ன காரணம் போடட்டும்?" என்று கேட்டாள். திரையில் நாலைந்து காரணம் இருந்தது. "கல்யாணம்" என்றேன். "எப்போ?" என்றாள். எனக்குத் தேதி வாயில் வரவில்லை. நீ அனுப்பிய காப்பியைப் பார்த்துத்தான் சொன்னேன். பெற்றவன் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறான் என்று அவள் ஒன்றும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அமுக்கிவிட்டாள்.

சான்று வந்ததும் ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உனக்கு.

அப்பா

---

ஓடைக்கொல்லை
29 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

சான்று கிடைத்தது. அன்றைக்கே தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டோம். என்னை இவர்கள் கார்டில் சேர்க்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

பூட்டு திறந்துவிட்டது என்று ஹனீஃபா மாமா சொல்லி அனுப்பினார். தேங்கியிருந்த பார்சலில் மலைக்கானது இரண்டு நடையில் வந்து சேர்ந்தது. அமுதவல்லி என்று இங்கே தையல் தைக்கிற பெண், மிஷின் பெல்ட் வராமல் பள்ளிக்கூடச் சட்டைகளைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டை வாங்கியதும் என்னையும் உங்களையும் கம்பெனியையும் வரிசையாகத் திட்டிவிட்டு டீ கொடுத்தாள். மங்கம்மாள் அக்கா உடைந்த பாட்டிலுக்கு உங்களை மன்னித்துவிட்டார்.

திறந்தது தற்காலிகம்தான் என்று எனக்கும் செய்தி வந்திருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். ஹப் முதலாளியும் டெலிவரி ஆளும் டெலிவரி இடத்தில் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்து, செப்டம்பர் பத்துக்குள் ஆப்பில் போட வேண்டும். அப்போதுதான் வேறு வேறு வீடு என்று நம்புவார்களாம். போட்டால்தான் பின்கோடு நிற்கும்.

அதற்கு நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று இல்லை. பாறைமேட்டில் எடுத்தாலும் இடம் காட்டும். ஜீப் அதுவரை வரும். இறங்கி, நின்று, எடுத்துக்கொண்டு அடுத்த நடையில் திரும்பிவிடலாம். உங்களுக்குச் சங்கடமாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீடு சின்னது. மழையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது, கூரையை இன்னும் மாற்றவில்லை.

அத்தை இப்போது தடி வைத்து நடக்கிறார். "உங்கப்பா இன்னா சாப்புடுவாரு, கேட்டு எழுது" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

புவனா

---

ஆலங்காயம்
2 செப்டம்பர் 2025, செவ்வாய்

புவனாவுக்கு,

நேற்று ரேஷன் கடைக்குப் போனேன். விரல் வைத்தேன். இரண்டு பெயர்தான் வந்தது.

கடையில் எடைபோடுகிற தமிழரசி உனக்குத் தெரியும், வாய் ஓயாத பெண். "இன்னாண்ணா, ஒரு பேரு கொறஞ்சிருக்கே, பொண்ணு எங்க?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். நம் தெருக்காரர்களும் இருந்தார்கள்.

"கட்டிக் குடுத்துட்டேம்மா. நெல்லிவாசல்ல" என்றேன்.

இப்படி வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. கட்டிக் கொடுத்தது நான் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

"இன்னாண்ணா, எங்களையெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்புடல?" என்றாள் அவள்.

"என்னையே கூப்புடலம்மா" என்றேன்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அம்மா, "சக்கர எங்க?" என்றாள். பையில் அரிசி மட்டும்தான் இருந்தது. திரும்பப் போய் வாங்கிவரும் அளவுக்கு எனக்கு முடியவில்லை. முகம் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டேன். 

வெள்ளிக்கிழமை ஐந்தாம் தேதி வருகிறேன். அம்மாவும் வருகிறாள். அவளுக்கு வழி தெரியும் என்று இப்போதுதான் சொல்கிறாள், இன்னும் என்னென்ன தெரியுமோ. ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். மூட்டையை நானே ஏற்றுகிறேன். ரங்கனிடம் சொல்ல வேண்டியதைக் காவலூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவேன். முடியாவிட்டால் அதற்கு மேலேயும் வளைவு இருக்கிறது.

உன் மாமியாரிடம் சொல். என்ன கொடுத்தாலும் சாப்பிடுவேன். தொண்ணூற்று நாலு கிலோவைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

போட்டோவை உங்கள் வீட்டு வாசலில் எடுத்துக்கொள்வோம். பாறையில் எடுத்தால் செல்லாது. கம்பெனி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

அப்பா